கிறிஸ்துமஸ் பரபரப்பில் ‘சமாதானம்’ என்றால் என்ன? புதிதாகக் கேட்பவர்களுக்கு ஓர் எளிய விளக்கம்

டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆராதனையின் நடுவே, “ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லிக்கொள்ளுங்கள்” என்றார் போதகர். பக்கத்தில் நின்றவரின் கையைப் பிடித்து “சமாதானம் உண்டாவதாக” என்றேன். அதே நேரத்தில் இடது கை, வண்டிச் சாவி பையில் இருக்கிறதா என்று தடவிக்கொண்டிருந்தது. மனசுக்குள் ஒரு பட்டியல் ஓடிக்கொண்டிருந்தது: வாங்க வேண்டியவை நான்கு, பார்க்க வேண்டியவர்கள் இரண்டு பேர், அண்ணனிடம் இன்னும் பேசவில்லை. ஆராதனை முடிந்து வெளியே வந்து பத்து நிமிடம்கூட ஆகவில்லை, வீட்டாரிடம் எரிந்து விழுந்தாயிற்று.

அன்றிலிருந்து எனக்கு ஒரு சந்தேகம். வருஷா வருஷம் இந்தக் காலத்தில் ‘சமாதானம்’ என்ற சொல்லை இத்தனை தடவை சொல்கிறோம், பாடுகிறோம், வாழ்த்து அட்டையில் எழுதுகிறோம். அது எதைக் குறிக்கிறது என்று தெரிந்துதான் சொல்கிறோமா? “பண்டிகை நேரத்தில் டென்ஷன் ஆகாதே, சமாதானமாக இரு” என்று யாராவது சொன்னால், டென்ஷன் கூடுகிறதே தவிரக் குறைவதில்லை. இப்போது கவலையோடு சேர்த்து, கவலைப்படுகிறோமே என்ற குற்ற உணர்வும் ஏறிக்கொள்கிறது. சொல்லைத் தவறாகப் புரிந்துகொண்டதால் வருகிற சிக்கல் இது என்றுதான் நினைக்கிறேன்.

ஒரு சொல், பல வேலை

தமிழில் ‘சமாதானம்’ என்றதும் நமக்கு முதலில் தோன்றுவது சண்டைக்குப் பிறகு வருகிற ஒன்று. இரண்டு பேரைச் சமாதானம் பண்ணி வைக்கிறோம். அழுகிற குழந்தையைச் சமாதானப்படுத்துகிறோம். தாமதமாக வந்தவர் ஏதோ சமாதானம் சொல்கிறார், அதாவது சாக்குச் சொல்கிறார். பழைய தமிழ் வேதாகமம் இந்தச் சொல்லைத்தான் பயன்படுத்துகிறது. கத்தோலிக்கர் அதிகம் வாசிக்கிற பொது மொழிபெயர்ப்பில் அதே இடங்களில் ‘அமைதி’ என்று இருக்கும். அமைதி என்றால் நமக்குச் சத்தம் இல்லாத நிலை. நூலகத்தில் தொங்குகிற பலகை நினைவுக்கு வரும்.

ஆக, ஒரு சொல் சண்டை ஓய்ந்ததைக் காட்டுகிறது. இன்னொன்று சத்தம் ஓய்ந்ததைக் காட்டுகிறது. இரண்டுமே ‘ஏதோ ஒன்று இல்லை’ என்கிற பொருளில்தான் நம் காதில் விழுகின்றன. பண்டிகைக் காலத்திலோ சத்தமும் ஓயாது, சின்னச் சின்ன உரசலும் ஓயாது. அப்படியானால் சமாதானம் கிடைக்க ஜனவரி வரை காத்திருக்க வேண்டியதுதானா?

குடத்தில் கலங்கிய தண்ணீர்

ஒரு குடத்தில் கலங்கல் தண்ணீரைப் பிடித்து ஓரமாக வையுங்கள். ஒரு மணி நேரம் யாரும் தொடாவிட்டால் மேலே தெளிந்துவிடும். பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் வண்டல் எங்கும் போகவில்லை, அடியில் படிந்திருக்கிறது. யாராவது குடத்தைத் தூக்கினால் போதும், மறுபடியும் கலங்கிவிடும்.

விடுமுறையில் எங்காவது போய் வந்தால், ஒரு நாள் முழுக்கத் தூங்கினால், போனை அணைத்து வைத்தால் நமக்குக் கிடைப்பது இந்த மாதிரித் தெளிவு. அதில் தவறே இல்லை, உடம்புக்கு அது வேண்டும். ஆனால் கிறிஸ்தவம் ‘சமாதானம்’ என்று சொல்வது குடத்தை அசைக்காமல் வைப்பதை அல்ல. வண்டலை என்ன செய்வது என்பதுதான் அதன் கேள்வி. குடம் எப்படியும் அசையும் என்பதை அது முதலிலேயே ஒப்புக்கொள்கிறது.

ஷாலோம்: குறைவில்லாமல் இருப்பது

வேதாகமத்தின் முதல் பகுதியான பழைய ஏற்பாடு பெரும்பாலும் எபிரெய மொழியில் எழுதப்பட்டது. அதில் சமாதானத்துக்கான சொல் ஷாலோம். முழுமை, குறைவின்மை, எல்லாம் அதனதன் இடத்தில் சரியாக இருப்பது என்பது அதன் அடிப்படைப் பொருள். இந்தப் பொருளை அகராதியில் தேடுவதைவிட, அதே வேரிலிருந்து வரும் சொற்கள் எங்கெல்லாம் புழங்குகின்றன என்று பார்த்தால் சட்டென்று பிடிபடும்.

உபாகமம் 27-ஆம் அதிகாரத்தில் பலிபீடம் கட்ட ‘முழுக்கற்கள்’ வேண்டும் என்று வருகிறது. செதுக்காத, உடையாத கற்கள். அந்த ‘முழு’ என்பது இந்த வேர்ச்சொல். யாத்திராகமம் 21, 22-ஆம் அதிகாரங்களில், ஒருவன் திறந்துவிட்ட குழியில் அடுத்தவனுடைய மாடு விழுந்து செத்தால் அவன் ஈடு செய்ய வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அந்த ‘ஈடு செய்வது’ம் இதே வேர்தான். குறைந்துபோனதைக் கொடுத்து மறுபடி முழுசாக்குவது.

ஆதியாகமம் 29-இல் யாக்கோபு தன் தாய்மாமன் லாபானைப் பற்றி மேய்ப்பர்களிடம் விசாரிக்கிறான். எபிரெயத்தில் அவன் கேட்பது “அவனுக்கு ஷாலோமா?” என்று. நம்முடைய பழைய மொழிபெயர்ப்பாளர்கள் அங்கே சமாதானம் என்று போடவில்லை. “அவன் சுகமாயிருக்கிறானா” என்று அழகாக எழுதியிருக்கிறார்கள். சரியான தமிழ். நாம் ஒருவரைப் பார்த்து “சௌக்கியமா?” என்று கேட்கும்போது அவர் வீட்டில் சத்தம் இல்லையா என்றா கேட்கிறோம்?

எனக்கு மிகவும் பிடித்தது 2 சாமுவேல் 11:7. போர்க்களத்திலிருந்து வந்த உரியா என்ற வீரனிடம் தாவீது ராஜா, படைத்தலைவன் யோவாப் சுகமா, ஜனங்கள் சுகமா, போர் எப்படிப் போகிறது என்று கேட்கிறான். மூன்று கேள்வியிலும் ஷாலோம் என்ற சொல்தான். அதாவது ‘போரின் ஷாலோம்’ என்ன என்று கேட்கிறான்! தாவீது அந்தக் கேள்வியைக் கேட்ட நோக்கம் கெட்டது, அது வேறு கதை. ஆனால் மொழியைக் கவனியுங்கள். போருக்கே ஷாலோம் விசாரிக்க முடியுமென்றால், ஷாலோம் என்பது போர் இல்லாத நிலை மட்டுமாக இருக்க முடியாது.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துச் சொன்னால்: நாம் சமாதானம் என்றதும் சத்தமும் சண்டையும் ஓய்ந்ததை நினைக்கிறோம். வேதாகமம் அதைவிடப் பெரிதாக, உடைந்தது சரியாகி முழுசாக இருப்பதை நினைக்கிறது. அதனால் பரபரப்பு இருக்கும்போதே சமாதானமும் இருக்க முடியும். பரபரப்பே இல்லாமல் சமாதானமும் இல்லாமல் இருப்பதும் நடக்கக்கூடியதுதான்.

முதல் கிறிஸ்துமஸ் அமைதியாக நடந்ததா?

புதிய ஏற்பாடு எழுதப்பட்ட காலத்தில் ‘சமாதானம்’ என்பது அரசாங்கமே விளம்பரப்படுத்திய சொல். அன்றைய பேரரசன் அகஸ்து இராயன் உள்நாட்டுப் போர்களை முடித்து ரோமப் பேரரசில் அமைதி கொண்டுவந்தான் என்று கொண்டாட, ரோம் நகரத்தில் அமைதிக்கென்றே ஒரு பளிங்குப் பலிபீடம் கட்டினார்கள். அது கி.மு. 9-இல் அர்ப்பணிக்கப்பட்டது. இன்றும் அதைப் பார்க்கலாம். வாளால் வந்த அமைதி அது. எதிர்ப்பவர்கள் அடங்கிவிட்டார்கள், அதனால் அமைதி.

லூக்கா தன் சுவிசேஷத்தின் இரண்டாம் அதிகாரத்தை அந்த அகஸ்துவின் பெயரோடுதான் தொடங்குகிறார். அவன் போட்ட குடிமதிப்புக் கட்டளையால்தான் நிறைமாதக் கர்ப்பிணியான மரியாள் நாசரேத்திலிருந்து பெத்லகேமுக்குப் போக வேண்டியிருந்தது. தூரம் 100 கிலோமீட்டருக்கும் மேல். போன இடத்தில் தங்க இடமில்லை. பிள்ளையைத் தீவனத் தொட்டியில் கிடத்தினார்கள். மத்தேயு சொல்வதைப் பார்த்தால் அப்புறம் இன்னும் மோசம்: ஏரோது ராஜா பிள்ளையைக் கொல்லத் தேடுகிறான், குடும்பம் இரவோடு இரவாக எகிப்துக்குத் தப்பி ஓடுகிறது.

“பூமியிலே சமாதானமும்” என்று தூதர்கள் பாடியது பிள்ளை பிறந்த அந்த இரவில். பயணக் களைப்பு, இடநெருக்கடி, அரசாங்கக் கெடுபிடி எல்லாம் சூழ்ந்த ஒரு குடும்பத்தை வைத்துக்கொண்டு. நாம் அட்டைகளில் வரைகிற பனி பெய்யும் அமைதியான இரவு பிற்காலத்தில் வந்த கற்பனை. வீடு துடைத்து, எல்லாம் அடுக்கி, பிள்ளைகள் சண்டை போடாமல் உட்கார்ந்தால்தான் கிறிஸ்துமஸ் ‘சரியாக’ நடந்தது என்று நினைப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

உடம்பு என்ன செய்கிறது?

மன அழுத்தம் என்ற சொல்லையும் ஒரு முறை தெளிவாக்கிவிடுவோம். இங்கே மன அழுத்தம் என்பது ஸ்ட்ரெஸ்: நம் மேல் விழுகிற கோரிக்கைகள் நம் பலத்துக்கு மிஞ்சுகின்றன என்று உடம்பும் மனசும் உணரும்போது வருகிற இறுக்கம். ஒரு நாய் துரத்தினால் அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலினையும் கார்ட்டிசாலையும் ரத்தத்தில் விடுகின்றன. இதயம் வேகமாக அடிக்கிறது, செரிமானம் மந்தமாகிறது, ஓடத் தேவையான சர்க்கரை ரத்தத்தில் ஏறுகிறது. நாய் போனதும் எல்லாம் இறங்கிவிடும். பட்டியலும் கடனும் உறவினர் வருகையும் அப்படிப் போவதில்லை. அதனால் உடம்பு இறங்காமலே நிற்கிறது, தூக்கம் கெடுகிறது, சின்ன விஷயத்துக்குக் கோபம் வருகிறது.

பேச்சில் பலர் டிப்ரெஷனையும் மன அழுத்தம் என்றே சொல்லிவிடுகிறோம். அது மனச்சோர்வு நோய், வேறு விஷயம். வாரக்கணக்கில் எதிலும் நாட்டமில்லை, வாழவே பிடிக்கவில்லை என்றால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். அதற்குப் பதிலாக “இன்னும் ஜெபம் பண்ணு” என்று சொல்வது கொடுமை.

வேதாகமம் உடம்பை மறப்பதில்லை. 1 இராஜாக்கள் 19-இல் எலியா தீர்க்கதரிசி “போதும் கர்த்தாவே” என்று சாகக் கேட்டுப் படுத்துவிடுகிறார். வந்த தூதன் அவருக்குப் பிரசங்கம் பண்ணவில்லை. எழுப்பிச் சாப்பிடச் சொல்கிறான், மறுபடி தூங்கவிடுகிறான், மறுபடி எழுப்பிச் சாப்பிடச் சொல்கிறான். மற்றதெல்லாம் அப்புறம்தான்.

கலங்கினால் விசுவாசம் இல்லையா?

“உங்கள் இருதயம் கலங்காமலும் பயப்படாமலும் இருப்பதாக” என்று இயேசு சொன்னது யோவான் 14:27-இல். இந்த வசனத்தை வைத்துத்தான் நிறையப் பேர் தங்களையே அடித்துக்கொள்கிறார்கள். ஆனால் இரண்டு அதிகாரம் பின்னால் போய் 12:27-ஐப் பாருங்கள். “இப்பொழுது என் ஆத்துமா கலங்குகிறது” என்கிறார் அதே இயேசு. தமிழில் மட்டுமல்ல, கிரேக்கத்திலும் இரண்டு இடத்திலும் ஒரே வினைச்சொல். கலங்காதிருங்கள் என்று சொன்னவர் கலங்கினவர். கெத்செமனே தோட்டத்தில் வியர்வை வழிய ஜெபித்தவர், இறந்துபோன நண்பன் லாசருவின் கல்லறைக்குப் போகும் வழியில் அழுதவர்.

ஆக, கலக்கம் வருவது தப்பு அல்ல. இந்த வருஷம் வீட்டில் ஒருவரை இழந்து, முதல் கிறிஸ்துமஸை அவர் இல்லாமல் கடக்கிறவர்கள் சிரித்துக்கொண்டுதான் இருக்க வேண்டும் என்பதில்லை. கலக்கத்துக்கு நடுவில் எதைப் பிடித்துக்கொள்கிறோம் என்பதே கேள்வி.

அப்படியானால் இது எப்படி வேலை செய்கிறது?

அந்த வசனத்தின் முதல் பாதியைப் பாருங்கள்: “சமாதானத்தை உங்களுக்கு வைத்துப்போகிறேன், என்னுடைய சமாதானத்தையே உங்களுக்குக் கொடுக்கிறேன், உலகம் கொடுக்கிற பிரகாரம் நான் உங்களுக்குக் கொடுக்கிறதில்லை.” வைத்துப்போகிறேன். சாகப்போகிற ஒருவர் பிள்ளைகளுக்குச் சொத்து வைத்துப்போவது போல. சிலுவைக்கு முந்தின இரவில் பேசியது இது.

கூலிக்கும் சொத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் இங்கே எல்லாம். கூலி, வேலை முடிந்த பிறகு கிடைக்கும். நாம் மனசமாதானத்தைக் கூலியாக நினைக்கிறோம்: எல்லா வேலையும் முடித்துவிட்டு நிம்மதியாக உட்காருவேன். வேலை முடிவதே இல்லை, அதனால் கூலியும் வருவதில்லை. சொத்து அப்படியில்லை. நாம் எதுவும் செய்யும் முன்பே நம் பெயரில் எழுதியாயிற்று. கிறிஸ்தவ விசுவாசப்படி, மனிதனுக்கும் கடவுளுக்கும் நடுவில் உடைந்திருந்ததைக் கிறிஸ்து ஈடு கொடுத்து முழுசாக்கிவிட்டார். அந்த உடைவுதான் குடத்தின் அடியில் கிடந்த வண்டல். யாத்திராகமத்துக் குழிச் சட்டம் நினைவிருக்கிறதா? அந்த ஈடுதான். கணக்கு தீர்ந்துவிட்டதால், என்னை நிரூபித்துக் காட்ட வேண்டிய அவசியம் இல்லை. பண்டிகையைக் கச்சிதமாக நடத்தித்தான் நான் நல்ல தாய், நல்ல மகன், நல்ல விசுவாசி என்று காட்ட வேண்டும் என்பதில்லை. பண்டிகை அழுத்தத்தில் பாதி, என் அனுபவத்தில் பாதிக்கும் மேல், இந்த நிரூபிக்கிற வேலைதான்.

இயேசுவைத் தன் வீட்டில் ஏற்று உபசரித்த மார்த்தாளின் கதையில் இது தெரிகிறது. லூக்கா 10:40-இல் மார்த்தாள் வேலையில் ‘மிகவும் வருத்தமடைந்து’ என்று தமிழில் இருக்கிறது. கிரேக்கச் சொல் இன்னும் உருவமாக இருக்கிறது: நாலாபக்கமும் இழுக்கப்படுவது. பண்டிகை நாளில் சமையலறையில் நின்று பார்த்தவர்களுக்கு இதற்கு விளக்கம் வேண்டாம். இயேசு அவள் வேலை செய்ததைக் குறை சொல்லவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். “நீ அநேக காரியங்களைக்குறித்துக் கவலைப்பட்டுக் கலங்குகிறாய்” என்கிறார். பிரச்சினை வேலையில் இல்லை, இழுபடுவதில் இருக்கிறது. (விருந்தாளிகளோடு சாப்பிட உட்கார்ந்துவிட்டு மார்த்தாளைப் பற்றிப் பிரசங்கம் பண்ணுகிற ஆண்கள் முதலில் போய்ப் பாத்திரம் கழுவலாம்.)

சரி, சொத்து எழுதியாயிற்று. அதை எடுத்துப் பயன்படுத்துவது எப்படி? பவுல் அப்போஸ்தலன் பிலிப்பி ஊர்ச் சபைக்கு எழுதிய கடிதத்தில் (பிலிப்பியர் 4:6, 7) சொல்கிற வழி நேரடியானது: கவலையை விழுங்காமல், அதைக் கோரிக்கையாக்கி, நன்றியோடு கடவுளிடம் சொல்வது. அப்போது “எல்லாப் புத்திக்கும் மேலான தேவசமாதானம்” இருதயத்தைக் “காத்துக்கொள்ளும்”. இந்தக் ‘காத்துக்கொள்ளும்’ கிரேக்கத்தில் காவற்படையைக் குறிக்கிற சொல், ஒரு நகரத்தைச் சுற்றிப் படைவீரர்கள் காவல் நிற்பது போல. பிலிப்பி, ரோமப் படையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள் குடியேறிய ஊர். அவர்களுக்குச் சட்டென்று விளங்கியிருக்கும். எழுதியவரோ சிறையில் இருந்தார். காவல் என்பது நகரத்துக்கு வெளியே ஆபத்து இருக்கும்போதுதானே வேண்டும்? ஆபத்தே இல்லை என்று பவுல் சொல்லவில்லை.

போன வருஷம் நான் செய்து பார்த்ததைச் சொல்கிறேன். டிசம்பர் 20 வாக்கில் ஒரு தாளை நடுவில் மடித்து, இடது பக்கம் என் கையில் இருப்பவற்றையும், வலது பக்கம் என் கையில் இல்லாதவற்றையும் எழுதினேன். இடது பக்கம் ஆறு வேலைதான் வந்தது. வலது பக்கம் தாள் போதவில்லை: அண்ணன் வருவாரா, வந்தால் பழசைக் கிளறுவாரா, மாமாவின் பரிசோதனை முடிவு என்ன வரும், எல்லாரும் சந்தோஷமாக இருப்பார்களா. நான் சுமந்துகொண்டிருந்தது வலது பக்கத்தை. அதிலிருந்த ஒவ்வொரு வரியையும் அப்படியே ஜெபமாகச் சொன்னேன், பெயர் சொல்லி, பூசி மெழுகாமல். மறுநாள் காலையில் வலது பக்கத்தில் எதுவும் மாறியிருக்கவில்லை. இடது பக்கத்தில் ஆறு வேலைதான் இருக்கிறது என்பது மட்டும் தெளிவாகத் தெரிந்தது.

சுருக்கமாக: சமாதானம் வேலை முடிந்ததும் கிடைக்கிற கூலி அல்ல, ஏற்கெனவே நம் பெயரில் இருக்கிற சொத்து. கவலையைக் கோரிக்கையாக்கிச் சொல்வது அதை எடுத்துப் பயன்படுத்துகிற வழி. பிரச்சினை மறைவதில்லை, பிரச்சினைக்கும் மனசுக்கும் நடுவே ஒரு காவல் நிற்கிறது.

சண்டை நிறுத்தமும் சமாதானமும்

உறவினர் கூடுகிற வீடுகளுக்கு இன்னொரு வேறுபாடும் தெரிந்திருக்க வேண்டும். 1914 கிறிஸ்துமஸ் சமயத்தில், முதல் உலகப் போரின் மேற்கு முனையில் சில இடங்களில் பிரிட்டிஷ், ஜெர்மன் வீரர்கள் தாங்களாகவே சுடுவதை நிறுத்திவிட்டு, பதுங்கு குழிகளிலிருந்து வெளியே வந்து கைகுலுக்கினார்கள், பாடினார்கள், சின்னச் சின்னப் பரிசுகள் மாற்றிக்கொண்டார்கள். மனசைத் தொடுகிற நிகழ்ச்சி. அதன் பிறகு போர் 1918 நவம்பர் வரை நடந்தது. அது சண்டை நிறுத்தம். பல குடும்பங்களில் டிசம்பர் 25-ஆம் தேதி நடப்பதும் அதுதான்: யாரும் அந்தப் பேச்சை எடுக்கக் கூடாது, அவ்வளவே. சண்டை நிறுத்தம் கெட்டதல்ல, பல நேரம் அதுவே பெரிய விஷயம். ஆனால் அதைச் சமாதானம் என்று நினைத்துக்கொண்டால், அடுத்த நாள் சண்டை வரும்போது நொறுங்கிப்போவோம்.

ரோமர் 12:18 இதில் மிகவும் யதார்த்தமானது: “கூடுமானால் உங்களாலானமட்டும் எல்லா மனுஷரோடும் சமாதானமாயிருங்கள்.” கூடுமானால். உங்களாலானமட்டும். ஒரே வாக்கியத்தில் இரண்டு நிபந்தனை. என் பங்கை நான் செய்ய வேண்டும்: மன்னிப்புக் கேட்பதானால் கேட்க வேண்டும், முதலில் போன் பண்ணுவதானால் பண்ண வேண்டும். அண்ணன் எடுக்கவில்லை என்றால் அது என் தாளின் வலது பக்கம். துன்புறுத்துகிற ஒருவரோடு ஒரே மேஜையில் உட்கார்ந்தே தீர வேண்டும் என்றும் இந்த வசனம் சொல்லவில்லை.

ஒரே நாளில் எல்லாம் நடக்க வேண்டுமா?

கடைசியாக, திருச்சபையின் நாட்காட்டியே கொஞ்சம் உதவி செய்கிறது, நாம்தான் கவனிப்பதில்லை. கிறிஸ்துமஸுக்கு முந்தின நான்கு ஞாயிறுகளை உள்ளடக்கிய காலம் அட்வெந்து. ‘வருகை’ என்று பொருள்படுகிற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. கத்தோலிக்கர் திருவருகைக் காலம் என்பார்கள். அது காத்திருக்கிற காலம், கொண்டாடித் தீர்க்கிற காலம் அல்ல. கொண்டாட்டம் 25-ஆம் தேதிதான் தொடங்குகிறது. பழைய மரபுப்படி அங்கிருந்து 12 நாள் நீள்கிறது, ஜனவரி 6 திருக்காட்சிப் பெருவிழா வரை. நாம் தலைகீழாக, டிசம்பர் முதல் தேதியிலிருந்தே கொண்டாடத் தொடங்கி, 25-ஆம் தேதி மதியம் களைத்து விழுந்து, 26-ஆம் தேதி எல்லாவற்றையும் மூட்டை கட்டிவிடுகிறோம்.

போன வருஷம் அந்த ஆறு வேலையில் ஒன்று, பெரியம்மாவைப் போய்ப் பார்ப்பது. வழக்கமாக 25-ஆம் தேதி மாலையில் அவசர அவசரமாக ஓடிப்போய், பரிசைக் கையில் கொடுத்துவிட்டு, செருப்பைக் கழற்றாமலே திரும்புவோம். அந்தத் தடவை 29-ஆம் தேதிக்குத் தள்ளி வைத்தோம். கோபித்துக்கொள்வார் என்று பயந்துகொண்டே போனேன். கதவைத் திறந்தவர், எங்கள் பின்னால் வண்டி ஓடிக்கொண்டு நிற்கிறதா என்று எட்டிப் பார்த்தார். “வண்டியை நிறுத்திட்டீங்களா?” என்று கேட்டுவிட்டு, உள்ளே போய் நாற்காலிகளை எடுத்துப் போட்டார்.